மீன் வராமல் மருந்து கிடையாது

கடையின் ஷட்டரை உயர்த்தியதும் உப்பக்கா முதலில் செய்கிற வேலை, தொட்டிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பது. மீன்களில் யார் சாப்பிட வருகிறான், யார் மூலையில் முறைத்துக்கொண்டு நிற்கிறான், யார் உடம்பைப் பாறையில் தேய்க்கிறான் என்று பார்த்த பிறகுதான் அவளுக்குக் காப்பி. தொட்டியில் வளர்க்கிற கடல்மீன் விற்கிற கடை என்பதால் தெருவே அவளுக்கு வைத்த பெயர் அது. பெயருக்கு ஏற்றபடி பேச்சிலும் உப்புக் கொஞ்சம் தூக்கல்.

கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. 'மீன் வராமல் மருந்து கிடையாது.' படித்துவிட்டுச் சிரிக்காத வாடிக்கையாளர் இல்லை. சிரித்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போய் மீனை வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதும் உண்மை. அவளிடம் கெஞ்சியும் பார்த்தாயிற்று, கோபித்தும் பார்த்தாயிற்று, யாருக்கும் பலித்ததில்லை.

அன்று காலை அவள் வலது கையைத் தொட்டித் தண்ணீருக்குள் விட்டபடியே நின்றாள். ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் ஒரு கட்டி. பாறையை அடுக்கும்போது ஏற்பட்ட சிறு கீறல்தான், ஆறாமல் தடித்து, செம்புநிறத்தில் உருண்டு நின்றது. பக்கத்து மருந்துக்கடை அண்ணன் கொடுத்த களிம்பைத் தடவினாள். ஒரு டியூப் தீர்ந்து அடுத்தது, அது தீர்ந்து இன்னொன்று. போதாததற்கு, உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று நினைத்துத் தினமும் தொட்டிக்குள்ளேயே கையை ஊறப் போட்டாள். கடலையே கடைக்குள் வைத்திருப்பவளுக்கு வைத்தியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று ஒரு பெருமை வேறு.

அந்த நேரத்தில் மருந்துக்கடை அண்ணன் செல்போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இதப் பாரும்மா. பொண்ணு வளர்க்கிற கோமாளி மீனு. ஜோடியில ஒண்ணு நேத்து போயிடுச்சு. இன்னொண்ணும் வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு. வெள்ளைப்புள்ளி நோய்தான். ஆன்லைன்ல வாங்கின தாமிர மருந்து ஊத்தினேன், தீர்ந்துபோச்சு. இன்னொரு பாட்டில் குடு."

"யாரு சொன்னா வெள்ளைப்புள்ளின்னு?"

"போன்ல போட்டிருக்கான்."

"போன் உங்க மீனைப் பார்த்துச்சா? வாளியில போட்டுக் கொண்டு வாங்கண்ணே."

அண்ணனுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "என் கடைக்கு நீ வந்தா நான் இப்படியெல்லாம் வம்பு பண்றேனா? கேட்டதை எடுத்துக் குடுத்துடுறேன்ல?"

"அது உங்க கடை. இது என் கடை" என்றாள் உப்பக்கா.

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் மகளின் அழுத முகம் வீட்டில் காத்திருந்ததால், வாளியோடு சீக்கிரமே திரும்பினார். மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தது. உப்பக்கா குனிந்து பார்த்தாள். வெள்ளைப்புள்ளி என்றால் உப்புத் தூவியது போலத் தனித்தனியாகத் தெரியும். இதில் அப்படி இல்லை. தோலே நனைந்த காகிதம் போலக் கொழகொழவென்று உரிந்து தொங்கியது.

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா சந்தேகத்துக்கு மருந்து குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றினாள்.

வேலை சின்னதுதான். ஈர வலையில் மீனைப் பிடித்து, மெல்லிய கண்ணாடித் துண்டின் விளிம்பால் தோலின் மேலிருக்கும் வழவழப்பை லேசாக வழித்தெடுக்க வேண்டும். அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அன்று விரல் மடங்கவில்லை. கண்ணாடி நழுவித் தரையில் விழுந்து நொறுங்கியது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் விழுந்தது. மூன்றாவதைப் பிடித்தபோது விரல் வலியில் நடுங்கியது. கண்ணாடி மீனின் செவுளுக்குப் பக்கத்தில் இருந்தது. சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

உப்பக்காவுக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. இந்தக் கை போனால் கடை போன மாதிரி.

"என்னம்மா ஆச்சு?"

"கை ஒத்துழைக்கலண்ணே. நீங்க பண்ணுங்க, நான் சொல்றேன். மீன் தாங்காது, சீக்கிரம்."

மாத்திரை எண்ணிப் பழகிய விரல்கள் அவருடையவை. அவள் சொன்னபடி மெதுவாக வழித்தெடுத்துத் தந்தார். அவள் லென்சில் கண்ணை வைத்தாள். அவரைவிதை போன்ற உருவங்கள் கூட்டமாக விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"வெள்ளைப்புள்ளி இல்லண்ணே. இது வேற ஒட்டுண்ணி, கோமாளி மீனைத் தேடிப் பிடிக்கும். உங்க தாமிரம் இதை ஒண்ணும் பண்ணாது. நீங்க ஊத்த ஊத்த அது பாட்டுக்கு மேய்ஞ்சிருக்கு."

உப்பக்கா தனி வாளியில் புதுக் கடல்நீர் நிரப்பி, காற்றுக்குழாயை விட்டு, இதற்கென்று உள்ள மருந்தை அளந்து கலந்து மீனை இறக்கினாள். குளியல் முடியும்வரை இரண்டு பேரும் வாளியின் இரு பக்கமும் குந்தி உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அண்ணன் அவள் விரலை நேராகப் பார்த்தார்.

"என்னம்மா இது, இவ்வளவு வீங்கியிருக்கு?"

"உங்க டியூபைப் போடுற விரல்தான்."

"நான் அரிப்புன்னுல்ல நினைச்சுக் குடுத்தேன்."

"நான் அரிப்புன்னு சொல்லவே இல்லையே. 'அண்ணே, கையில என்னமோ வந்திருக்கு, ஏதாவது குடுங்க'ன்னேன். நீங்க கையைக் காட்டச் சொல்லல. நானும் காட்டல."

மேலே தொங்கிய பலகையை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அவர் தலை தானாகக் குனிந்தது.

"அந்த டியூபை இனிமே தொடாதம்மா" என்றார் தாழ்ந்த குரலில். "அது சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கி வைக்கும். உள்ள கிருமி இருந்தா, அதுக்குக் கொண்டாட்டம்."

உப்பக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் பாதி, தன்மேல் மீதி. மீனுக்குப் பார்த்த பார்வையைத் தனக்கு ஒரு நாளாவது பார்த்தாளா? கணவனுக்குப் போன் போட்டு, தோல் டாக்டரிடம் போவதாகச் சொன்னாள்.

"இப்பவேவா? டியூப் இன்னும் பாதி இருக்கே" என்றான் அவன்.

"இருக்கட்டும். அதை நீ பல்லு தேய்ச்சுக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மீன் மூச்சு நிதானப்பட்டு வாளிக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினாள்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். இத்தனை நாளில் அவளை யாரும் கேட்காத கேள்வி. சொன்னாள். உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டதையும் மறைக்காமல் சொன்னாள்.

"மீன்தொட்டித் தண்ணியில இருக்கிற ஒரு கிருமி, கீறல் வழியா உள்ள போயிருக்கலாம்னு நினைக்கிறேன். ஆனா துளி சதை எடுத்து வளர்த்துப் பார்க்காம உறுதியா சொல்ல முடியாது. முடிவு வர வாரக்கணக்காகும். பொறுத்துப்பீங்களா?"

"எடுங்க டாக்டர். நான் மீனுக்கே பார்க்காம குடுக்கிறதில்ல."

டாக்டர் நினைத்ததுதான் முடிவில் வந்தது. நோய் பிறந்த வீட்டுக்கே விரலைத் தினமும் விருந்துக்கு அனுப்பியிருக்கிறோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மாதக்கணக்கில் மாத்திரை. விரல் முழுதாக மடங்கும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. அவள் ஒரு வேளை கூடத் தவறவிடவில்லை. நீண்ட கையுறை மாட்டித்தான் தொட்டிக்குள் கைவிட்டாள். கட்டி மெல்ல மெல்ல அடங்கியது.

ஒரு காலை, மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். முன்னால் நின்றவர் அவசரத்தில் இருந்தார். "கழுத்துல என்னமோ தடிப்பு. ஏதாவது ஒரு டியூப் குடுங்க."

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. சீட்டோட வாங்க, தரேன்" என்றார் அண்ணன்.

"ஒரு டியூப் குடுக்கிறதுக்கு இவ்வளவு கெடுபிடியா? எப்பவும் தருவீங்களே."

"எப்பவும் தந்ததுதான் தப்பு." அண்ணன் உப்பக்காவைக் கை காட்டினார். "இவங்க விரலைக் கேளுங்க."

உப்பக்கா விரலை மடக்கிக் காட்டினாள். முக்கால்வாசிதான் மடங்கியது.

"மிச்சம் கால்வாசி, நான் கேட்டு வாங்கின டியூபுக்குப் போச்சு" என்றாள். "என்ன நோய்னு பார்க்காம போடுற மருந்து நம்ம பக்கம் நிக்காதுங்க. நோய் பக்கம்தான் நிக்கும்."