எட்டுக் கோப்பை வட்டிலப்பம்

ஸமீமா எட்டுக் காகிதக் கோப்பைகளைக் கவிழ்த்து ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண் எழுதினாள். நான்கில் அவள் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். மற்ற நான்கில், மூத்தவளான ராத்தா ஸீனத் கிராண்ட்பாஸில் மாமியார் வீட்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.

பிஸ்கட் கொம்பனிகளுக்குச் சுவைச் சோதனை நடத்திக் கொடுப்பது ஸமீமாவின் தொழில். புதியது பழையதைவிட ருசி என்று முதலாளி அடித்துச் சொன்னாலும், இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குவாள். முடிவுகள் அந்த எண்ணத்தை உடைத்தால் மட்டும் முதலாளியை நம்புவாள். தன்னோடு வெள்ளவத்தை ஃப்ளாட்டில் இருக்கும் வாப்பா ஹமீட்டின் பேச்சையும் அப்படிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் ஒரே நாளில் வந்ததல்ல. உம்மா மவுத்தாகி அடக்கம் செய்த பிறகு வெள்ளிக்கிழமை தோறும் ஸீனத் வட்டிலப்பத்தோடு வருவாள். ஹமீட் ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடுவார். "அப்பிடியே உம்மாட கை." மூன்று வேளையும் சமைத்துப் போடும் ஸமீமாவிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை. அவளும் போடுவது அதே கித்துள் கருப்பட்டி, அதே தேங்காய்ப்பால்.

"என்னடி, வாப்பாக்கும் பிஸ்கட் கொம்பனி சோதினையா?" ஸீனத் சிரித்தாள். "பெயிலானா சோறு போட மாட்டியா?"

"நாலு உங்கட, நாலு என்ட எண்டு தெரிஞ்சுகூட வாயில வந்தத செல்லி எட்டும் சரியாகிறதுக்கு எழுவதுல ஒரு சான்ஸ்தான் ஈக்கி. வாப்பா எல்லாம் சரியா சென்னா நான் ஒத்துக்கொள்றன்."

ஹமீட் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு கோப்பைக்கும் இடையில் ஒரு மிடறு தண்ணீர். மூன்றாவதில் நெடுநேரம் தயங்கினார். பிறகு முகம் மலர்ந்து, "இது ஸீனத்" என்றார். அது ஸமீமாவுடையது.

கடைசியில் பாதி சரி, பாதி பிழை. நாணயத்தைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். கொம்பனிக் கூட்டங்களில் காட்டுவதுபோலவே ஸமீமா கோப்பைகளைத் திருப்பிக் காட்டினாள். "உங்களுக்கு வித்தியாசம் தெரியல்ல வாப்பா."

ஹமீட் குனிந்து எண்களைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான் சென்னது பொய்யா மகள்?"

அவள் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குசினியில் ஸீனத் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். "போன வருஷம் காய்ச்சல் வந்ததுக்குப் பொறகு வாப்பாக்கு வாசமே புடிபடுறல்ல. ஒரு கிழம ஏலக்காய் போட மறந்துட்டன். அண்டைக்கும் உம்மாட கையெண்டுதான் சென்னார்."

"ஏன் ராத்தா என்னிட்ட செல்லல்ல?"

"செல்லி? வாப்பா ஆசப்படுறார் எண்டுதானே மாமி என்ன வெள்ளிக்கிழமையில வெளிய உடுறா."

ஸமீமா அப்போதே வாப்பாவிடம் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். சோதனை பிழை என்று சொல்லியிருந்தால்கூட அவர் நம்பியிருப்பார். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பது, வித்தியாசம் தெரிகிறதா என்பது ஒரு கேள்வி, எது பிடிக்கிறது என்பது வேறு கேள்வி, இரண்டையும் கலக்கக்கூடாது என்பதுதான். தன் வீட்டு மேசையில் அவள் ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதற்குப் பதில் கிடைத்ததாக நினைத்துக்கொண்டாள். அவர் தோற்றதில் மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் பட்டிருந்தாள்.

அடுத்த கிழமை ஹமீட் பெல்கனியில் நின்று போன் பேசுவது கேட்டது. கடற்கரையோரம் ரயில் போனதால் குரலை உயர்த்தியிருந்தார். "இனி அலைய வேணாம் மகள். எனக்கு ருசி தெரியிறல்ல. பொய்க்கு எதுக்கு பஸ்ஸுல வாற?"

ஸமீமா ஓடிப்போய் ராத்தாவுக்குப் போன் எடுத்தாள்.

"மாமி பக்கத்துலதான் ஈந்தா. எல்லாம் கேட்டுட்டா," என்றாள் ஸீனத். குரலில் கோபம் இல்லை. "இனி என்னத்த செல்லிக்கொண்டு வாற?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வந்த ஹமீட், தொப்பியைக் கழற்றாமலே மேசையில் உட்கார்ந்தார். ஸமீமா காலையிலேயே வட்டிலப்பம் செய்திருந்தாள். ஏலக்காய் கூடுதலாகப் போட்டிருந்தாள். கண்ணாடிக் கோப்பையில் வைத்துக் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

அவர் ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து ஒருமுறை வாசல்பக்கம் பார்த்தார். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் மெல்ல உயர்த்தி, அடியில் எண் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்.