மாடியில் சாய்ந்த தகரம்

ஓடைப்பட்டியில் என் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளைச் சட்டியைக் கவிழ்த்தது மாதிரி ஓர் ஆன்டெனா இருந்தது. பெங்களூர் ஆராய்ச்சி ஆட்கள் வைத்தது. செயற்கைக்கோள் சிக்னல் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்த்துக் காற்றின் ஈரத்தைக் கணக்கிடுமாம். அது வந்த மறுமாதம் என் மனைவி மொக்கம்மாள் செத்துப்போனாள். பிள்ளைகள் இருவரும் காரியம் முடிந்த கையோடு கிளம்பிவிட்டார்கள். அப்புறம் வீட்டில் பேச்சுக்குரல் என்றால் டிவிதான். நாம் சொல்வது அதற்குக் காதில் விழாது.

ஒருநாள் விலைபோகாத திராட்சையைத் தகரத்தில் பரப்பி ஆன்டெனா பக்கத்தில் காயவைத்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

"ஐயா, நான் சுபாஸ்ரீ, பெங்களூர்ல இருந்து. உங்க மாடியில ஈரம் திடீர்னு கூடியிருக்கு. பக்கத்துல ஏதாவது வச்சீங்களா?"

"திராட்சை காயுது ஆத்தா. அந்த ஈரமா?"

சிரித்துவிட்டாள். சிக்னல் தகரத்தில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வருவதை மெஷின் ஈரம் என்று நினைத்துக்கொள்கிறது என்றாள். சாப்பிட்டாச்சா என்றும் கேட்டாள். அதை ஒருவர் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்கே ஞாபகமில்லை.

தகரத்தை எடுத்தேன். போனும் நின்றது. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு திராட்சை இல்லாமலே வெறும் தகரத்தை அங்கே சாய்த்துவைத்தேன். வெட்கக்கேடுதான். போன் வந்தது. காற்றில் விழுந்திருக்கும் என்று புளுகினேன். இப்படியே எட்டு மாதம் ஓட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை அவள் குரல் சரியில்லை.

"ஆன்டெனாவை மார்க்கையன்கோட்டைக்கு மாத்துறோம் ஐயா. உங்க மாடி அளவு எதையும் நம்ப முடியல. எட்டு மாசக் கணக்கும் வீண். இடம் பார்த்தது நான்தான்."

"மேலதிகாரிக திட்டுனாகளா?"

"ஆமா."

என் நெஞ்சு கேட்கவில்லை.

"இடத்துல குத்தமில்ல ஆத்தா. தகரத்த நான்தேன் வச்சேன். வச்சாத்தேன் நீ பேசுவ."

"என் நம்பர் உங்ககிட்ட இருக்கே ஐயா. சும்மாவே கூப்பிட்டிருக்கலாமே."

"எதச் சொல்லிக் கூப்பிட?"

மேலிடத்து உத்தரவை இனி மாற்ற முடியாது என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். தகரம் அதே இடத்தில் சாய்ந்திருக்கிறது. நான் எடுக்கவில்லை. இனி அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை.