முதல் கல் விழுவதற்கு முன்

திஹோமிர் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோள ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, அதன்மேல் பாலாடையைக் கட்டைவிரலால் தடவி, வாசற்படியில் ஒரு காலும் முற்றத்தில் ஒரு காலுமாக நின்றான். உட்கார்ந்து சாப்பிடச் சொல்லிச் சொல்லி அவன் அக்கா ரதோய்காவுக்குச் சலித்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வயது ஐம்பதைத் தாண்டியவனிடம் இன்னும் எத்தனை முறை சொல்வது.

"மேல் வயலுக்குத் தண்ணி ஏறலக்கா," என்றான் வாயில் ரொட்டியோடு. "மோட்டார் ஓடுது. குழாய்ல காத்துதான் வருது."

"ஆத்துல தண்ணி இருந்தாத்தானே ஏறும்."

"மடுவுல இருக்கு. குழாய் முனை ஃபுட்வால்வ அங்கதான எறக்கியிருக்கேன். பாசி அடைச்சிருக்கும். எடுத்து விட்டுட்டு வந்துடறேன்."

"உன் கூட்டாளி ஒப்ரென் வரட்டும். தனியா எறங்காத."

"அவன் காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள பழமெல்லாம் செடியிலயே ஜாம் ஆயிடும்."

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனான். ரதோய்கா மிச்ச ரொட்டியைத் துணியால் மூடிவிட்டுப் பழம் பறிக்கப் போனாள்.

வெயில் ஏறியபோது மேல் வயலின் சொட்டுநீர்க் குழாய்கள் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுத் தண்ணீரைச் சொட்டத் தொடங்கின. வேலையை முடித்துவிட்டான் என்று நினைத்தாள். முடித்துத்தான் இருந்தான். வால்வில் ஒரு இழை பாசி இல்லை. ஆனால் மடுவின் அடியில் இடிந்துபோன பழைய மாவு ஆலையின் மர உத்தரங்கள் கிடந்தன. அவற்றுக்கிடையில் அவன் கால் மாட்டிக்கொண்டிருந்தது. ஒப்ரெனும் இன்னும் இரண்டு பேரும் அவனை வெளியே எடுத்தபோது மேல் வயல் நனைந்துகொண்டிருந்தது.

மற்ற வருடங்களில் அந்த ஆற்றில் எங்கு வேண்டுமானாலும் குழாயைப் போடலாம். அந்த வருடம் மலையில் பனி நிற்கவில்லை. மே மாதம் ஒரு நல்ல மழைகூட இல்லை. ஜூன் வந்ததும் வராததுமாக வெயில் கொளுத்தத் தொடங்க, ஆறு கற்களாக மாறிப்போனது. மடு ஒன்றில்தான் தண்ணீர் மிச்சம்.

அடக்கம் முடிந்த மறுநாளே பறிப்பு. யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அந்தச் சரிவில் ராஸ்பெர்ரி வளர்க்காத வீடு இல்லை. பழுத்த பழம் துக்கம் விசாரிக்கக் காத்திருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வருடம் பழுத்த விதம்தான் அவளை வதைத்தது. வழக்கமாக ஒரு மாதம் முழுக்க, இன்றைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சம் என்று மரியாதையாகப் பழுக்கும் கீழ் வயல், வெயில் தாங்காமல் ஒரே மூச்சில் பழுத்துத் தள்ளியது. விடிந்ததும் இறங்கினால், வெயில் ஏறும்வரைதான் பறிக்க முடியும். அதன்பிறகு தொட்டால் பழம் விரலிலேயே கூழாகிவிடும். தென்புறம் பார்த்த பழங்கள் வெளுத்து, வெந்தவை போல் தொங்கின. கறுப்பு உடையும் கறுப்புத் தலைத்துணியுமாக ரதோய்கா வரிசை வரிசையாகக் குனிந்து நடந்தாள். டிரினா ஆற்றுப் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் வரும் பெண்கள் கூடவே பறித்தார்கள். எவ்வளவு பறித்தாலும் பறித்ததைவிட உதிர்ந்தது அதிகம். குளிர்பதனக் கிடங்கின் ஆள் பெட்டிகளைத் திறந்து பார்த்து, "இது ஜூஸுக்குத்தான்மா ஆகும்," என்று உதட்டைப் பிதுக்கினான்.

கீழ் வயல் போய்விட்டது. மேல் வயல் மட்டும் நின்றது. அது உயரத்தில் இருந்ததால் பின்தங்கிப் பழுக்கும். காலை நிழலும் உண்டு. அவன் கொண்டுவந்த தண்ணீரும் உண்டு. அங்கே பழங்கள் உருண்டு திரண்டு, கெட்டியாக, காம்பை விட்டுச் சுத்தமாகக் கழன்று வரும் பதத்துக்கு வந்துகொண்டிருந்தன. ரதோய்கா தினமும் சாயங்காலம் ஏறிப் போய்ப் பார்ப்பாள். அந்த வருடத்துக்கு அவளிடம் மிஞ்சியது அதுதான். இதுவும் போனால், அவன் எதற்காகத் தண்ணீரில் இறங்கினான் என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது.

மேல் வயலில் முதல் பறிப்புக்கு நாள் குறித்திருந்தாள். அதற்கு முந்தைய நாள் மதியம் காற்று நின்றுபோனது. மேற்கே மலைக்குப் பின்னால் மேகம் எழும்பியது. மேலே கறுப்பு, அடிவயிற்றில் ஒரு அழுக்கு வெள்ளை. அந்த வெள்ளை ஆலங்கட்டி என்று பறிக்கும் பெண்களுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ரதோய்கா மேட்டுக்கு ஓடினாள். அங்கே தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில், ஆலங்கட்டி மேகத்தைக் கலைக்கும் ராக்கெட்டுகளோடு ஒப்ரென் நின்றுகொண்டிருந்தான். ஊருக்காக அதை ஏவும் வேலை அவனுடையது. ராடார் நிலையத்திலிருந்து உத்தரவு வராமல் ஏவக் கூடாது. கைப்பேசியைக் காதில் வைத்தபடி மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா நிக்கற? ஏவு."

"பொறுக்கச் சொல்றாங்க ரதோய்கா. வானத்துல ப்ளேன் இருக்காம்."

"எந்த ப்ளேன்?"

"பெல்கிரேடுல இருந்து கிரீஸுக்குப் போறது. கடல்ல குளிக்கப் போறவங்க."

"அவங்க குளிக்கறதுக்கு நாம கருமாதி பண்ணணுமா?"

"நான் என்ன, வேணும்னா நிக்கறேன்? மூணே மூணு ராக்கெட்டு வச்சிருக்கேன். உத்தரவில்லாம விட்டா என்னத் தூக்கி உள்ள வச்சுருவாங்க. அப்புறம் அடுத்த மேகத்துக்கு நீதான் வந்து ஏவணும்."

கைப்பேசியில் யாரோ பேசினார்கள். ஒப்ரென் நிமிர்ந்தான். பிறகு தோள்கள் தொய்ந்தன. "சரி… சரிங்க… காத்திருக்கோம்," என்றான்.

அவள் திரும்பி இறங்கியபோது அவளுடைய முற்றத்திலேயே கூட்டம் கூடியிருந்தது. அடுத்த வீட்டு ஸ்தமேனா, தன் வீட்டுக் குட்டை மேசையைத் தூக்கி வந்து கால்கள் வானம் பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் கோடாலி, வாய்ப்பக்கம் மேலே பார்க்க. ரதோய்காவுக்குப் புரிந்தது.

அந்த ஊரில் ஆலங்கட்டி மேகத்தைத் திருப்ப வழக்கமாகச் செய்வதுதான். மேகங்கள் வெள்ளை மாடுகள். அவற்றை ஓட்டுபவன் ஊரில் கடைசியாகத் தண்ணீரில் செத்தவன். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மாடுகளைத் திருப்பிக்கொண்டு போ என்று பெண்கள் கத்துவார்கள். ரதோய்காவுக்கு நினைவு தெரிந்த நாளாக அந்தப் பெயர் மிலிசாவ் என்பதுதான். எந்தக் காலத்திலோ வெள்ளத்தில் போனவன். அவன் முகம் யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் அவளும் திஹோமிரும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு, "மிலிசாவே, மாடு மாடு," என்று பழிப்புக் காட்டி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறார்கள்.

"மிலிசாவக் கூப்பிடுங்க ஸ்தமேனாக்கா," என்றாள் ரதோய்கா. "மேசையெல்லாம் போட்டாச்சுல்ல. கூப்பிடுங்க."

ஸ்தமேனா தரையைப் பார்த்தாள். "அவன் பேச்சு இனிமே எடுபடாது, பொண்ணே. புதுசாப் போனவன் பேருதான் எடுபடும். உனக்கே தெரியும்."

"தெரியாது."

"கூடப் பொறந்தவ கூப்பிட்டா நல்லாக் கேக்கும். நீ கூப்பிடு."

"நாப்பதாம் நாள் சோறுகூட இன்னும் போடல. அதுக்குள்ள அவன வேலைக்குக் கூப்பிடறீங்களா?"

"எல்லார் பயிரும் நிக்குதுடி. உன்னுதுந்தான்."

"உசுரோட இருந்தப்பவும் இதேதான். திஹோமிர், எங்க மோட்டாரப் பாரு. திஹோமிர், எங்க குழாய் ஒடஞ்சுபோச்சு. ஒரு நாள் ஒரு வாய் உக்காந்து தின்னதில்ல. செத்தும் விட மாட்டீங்க." அவள் குரல் உடைந்தது, உடைந்ததற்காகவே கோபம் இன்னும் ஏறியது. "அதுவும் மாடு ஓட்டறதுக்கு. எங்க வீட்டு ஒத்த மாட்டையே அவனால ஓட்ட முடியாது. அது அவன இழுத்துட்டுப் போகும். ஊரே நின்னு சிரிச்சீங்களே, மறந்துபோச்சா?"

பின்னால் நின்ற ஒருத்தி தன்னையறியாமல் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு யாருக்கும் உதவவில்லை. மலைமேல் முதல் இடி உருண்டது.

ரதோய்கா காலி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேல் வயலுக்கு ஏறினாள். பெண்களும் பின்னால் ஏறினார்கள். பழுத்தது பழுக்காதது என்று பார்க்காமல் இரண்டு கையாலும் உருவினாள். உருவினால் பழம் நசுங்கியது. மெதுவாகப் பறித்தால் நேரம் போனது. பெட்டியின் அடிகூட மறையவில்லை. வெளிச்சம் பித்தளை நிறமாகிவிட்டிருந்தது.

கீழே ஸ்தமேனா கல் சுவரின்மேல் ஏறி நின்று, கைகளை வாயருகே குவித்துக் கூப்பிடத் தொடங்கினாள்.

"ஏ திஹோமிர்… தண்ணியில போன திஹோமிர்… உன் வெள்ள மாடுகளத் திருப்பு… எங்க பயிர்ல விடாத… ஆளில்லாத மலைக்கு ஓட்டிட்டுப் போ…"

அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் அவள் காதுபடச் சத்தமாகச் சொன்னதில்லை. வந்தவர்களெல்லாம் குரலைத் தாழ்த்தி, "அவன்" என்றார்கள், "உன் தம்பி" என்றார்கள். இப்போது அது பள்ளத்தாக்கு முழுக்கப் போய் மோதித் திரும்பி வந்தது. இரண்டாவது வீட்டிலிருந்து இன்னொருத்தி கூப்பிட்டாள். அதற்கப்பால் இன்னொருத்தி. எல்லோரும் ஒரே பெயரை, மிலிசாவைக் கூப்பிட்ட அதே ராகத்தில்.

ரதோய்கா பறிப்பதை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். வயல் முழுக்கப் பழம், ஒன்றுகூட வெம்பாமல். மேட்டில் ஒப்ரென் இன்னும் காதில் கைப்பேசியோடு நின்றான். அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எந்த ராகமும் இல்லாமல், எந்த மாட்டையும் சொல்லாமல், தம்பியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அதே எரிச்சல் குரலில் வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் திஹோமிர். யார் கூப்பிட்டாலும் ஓடுவியே. இப்ப வாடா. உன் வயலுக்கு வா."

பக்கத்தில் நின்ற பெண் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவள் கையை இறக்குவதற்குள் முதல் கல் வந்து பெட்டியின் விளிம்பில் மோதித் தெறித்தது. வாதுமைக் கொட்டை அளவு. அடுத்தது ரதோய்காவின் தோளில் விழுந்தது. பிறகு எண்ண முடியவில்லை. எல்லோரும் பெட்டிகளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வேலியோரப் பிளம் மரத்தின் கீழே ஒடுங்கினார்கள். அந்த இரைச்சலின் நடுவே மேட்டிலிருந்து ராக்கெட்டுகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீறிக்கொண்டு போயின. கடலுக்குப் போனவர்கள் அப்போதுதான் அந்த வானத்தைக் கடந்திருந்தார்கள்.

ஒரு காபி கொதிக்கும் நேரம் இருக்குமா அது? வந்தது போலவே நின்றது. பின்னால் கொஞ்சம் மழை சடசடவென்று அடித்துவிட்டு அதுவும் போய்விட்டது. வெயில் திரும்பி வந்தது. வரிசைகளில் செடிகள் நின்றன, இலைகள் கந்தலாக. பழம் என்று சொல்ல எதுவும் மேலே இல்லை. எல்லாம் தரையில், வெள்ளைக் கட்டிகளோடு கலந்து சிவப்புச் சேறாகக் கிடந்தது. அந்த வாசனை மட்டும் நன்றாக இருந்தது.

ஸ்தமேனா மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவளுடைய வயலும் போயிருந்தது. வரிசையின் முனையில் நின்று தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல் கல் விழறதுக்கு முன்னாடி கூப்பிட்டிருக்கணும்," என்றாள்.

"முன்னாடிதான் கூப்பிட்டேன்."

"கடைசி நேரத்துல. அதுவும் திட்டிக்கிட்டு."

"ஒப்ரெனோட ராக்கெட்டும் கடைசி நேரத்துலதான் போச்சு. அதையும் திட்டிக்கிட்டா விட்டான்?"

ஸ்தமேனா அவள் கையைப் பிடித்தாள். பிடித்த விதத்தில் உண்மையான பிரியம் இருந்தது.

"மனசு விடாத. புதுசுதானே அவன். மிலிசாவும் மொத ரெண்டு மூணு வருஷம் ஒண்ணும் கிழிக்கலன்னு எங்கம்மா சொல்லுவா. போகப் போகப் பழகிக்குவான்."

ரதோய்காவுக்கு அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. போகப் போக. அடுத்த கோடை, அதற்கடுத்த கோடை, மலைக்குப் பின்னால் மேகம் வெளுக்கும்போதெல்லாம் இந்தச் சரிவில் அவன் பெயரைக் கூப்பிடுவார்கள். இன்னொருவன் தண்ணீரில் சாகும்வரை. அவன் முகம் தெரிந்தவர்கள் எல்லோரும் போன பிறகும். கட்டிலுக்கடியில் குழந்தைகள் ஒளிந்துகொண்டு அவன் பெயரைச் சொல்லிப் பழிப்புக் காட்டும்.

"போங்கக்கா," என்றாள். "உங்க மேசைய எடுத்து உள்ள வைங்க. நனைஞ்சு கெடக்கு."

ஸ்தமேனா போனாள். பெண்கள் பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ரதோய்கா சொட்டுநீர் எட்டாத வரிசை இடைவெளியில் குந்தினாள். ஆலங்கட்டிகளை ஒதுக்கினாள், கூழை ஒதுக்கினாள், இவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்க விரலை மண்ணில் அழுத்தினாள். நகம் மறையும் ஆழம்வரை ஈரம். அதற்குக் கீழே மண் காய்ந்துதான் இருந்தது.