புதன்கிழமைப் பெட்டியில் விழுந்த கடிதம்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவரை எல்லாரும் நீராவி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரப் படுக்கை விரிப்புகளை ஒருபக்கம் வாங்கி மறுபக்கம் மடிப்பில்லாமல் தள்ளும் பெரிய உருளை இயந்திரத்தின் முன்னால் இருபத்தாறு வருஷமாக நிற்கிறவர். அந்தப் பெயரில் பாதி இயந்திரத்தால் வந்தது, மீதிப் பாதி அவர் கோபத்தால் வந்தது. நின்று நின்று இரண்டு கெண்டைக்கால்களிலும் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "உக்காந்து செய்யற வேலையா பாருங்க" என்றார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டார். அவர் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

உட்கார்ந்து செய்யும் வேலை சலவைப் பிரிவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சூப்பர்வைசர் வேலை. அதற்குத் தனியாக ஒரு கண்ணாடி அறை, அறைக்குள் ஒரு மின்விசிறி, மின்விசிறிக்கு நேர் கீழே சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. அதில் இருந்தவர் அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறார். அனுபவத்தைப் பார்த்தால் நீராவி அண்ணனுக்குத்தான் வர வேண்டும். ஆனால் அனுபவத்தைப் பார்த்து யார் நாற்காலி கொடுக்கிறார்கள்? ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவில் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் தலையை ஆட்டினால்தான் எதுவும் நடக்கும். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, வெறும் 'ஐயா' என்றுதான் சொல்ல வேண்டும்.

நீராவி அண்ணன் விசுவாசி. டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னச் சபையில் முப்பது வருஷ அங்கத்தினர். "இந்த வேலை விஷயத்த நான் கர்த்தர் கையில கொடுத்துட்டேன்" என்று சபையில் வாய் நிறையச் சொல்லியிருந்தார். கொடுத்தது உண்மைதான். கொடுத்துவிட்டு, பிடியை மட்டும் விடவில்லை. கர்த்தர் எதையும் மனுஷர் மூலமாகத்தானே செய்கிறார், அந்த மனுஷரை நாம் போய்க் கொஞ்சம் தயார்ப்படுத்தி வைத்தால் அவருக்கும் வேலை மிச்சம் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டார்.

அதன்படி, தொடர்ந்து மூன்று ஞாயிறு சபைக்குப் போகவில்லை. மனைவியிடம் "கூடுதல் ஷிப்ட்" என்று சொல்லிவிட்டு, ஐயா வீட்டுக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். காக்கா பிடிப்பதில் முன் அனுபவம் இல்லாவிட்டாலும் சீக்கிரமே கற்றுக்கொண்டார். ஐயாவின் நாயை நடக்கக் கூட்டிப் போனார். ஐயா ஏற்கெனவே இரண்டு தடவை சொன்ன நகைச்சுவைக்கு மூன்றாம் தடவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐயாவின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிக்கொண்டு போய், தன் புடைத்த நரம்புகளோடு தரையில் குந்தி, தானே தேய்த்தும்விட்டார். சீட்டாட்ட மேசையில் யாரோ கையில் ஒரு கிளாசைத் திணித்தபோது மறுக்கத் துணிவில்லாமல் வாங்கி, யாரும் பார்க்காத நேரத்தில் பக்கத்துத் தொட்டிச் செடிக்கு ஊற்றினார். அந்தச் செடி என்ன பாவம் செய்ததோ, மூன்றாம் ஞாயிறு போனபோது பட்டுப்போயிருந்தது.

மூன்றாம் ஞாயிறு ஐயாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எல்லாத்தையும் எழுதிக் கொண்டுவாய்யா. வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு வா. அதுக்கப்புறம் நான் ஊர்ல இருக்க மாட்டேன்" என்றார்.

எழுதுவது லேசுப்பட்ட காரியமாக இல்லை. நீராவி அண்ணன் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சாப்பாட்டு இடைவேளையில் துணி மூட்டைகளின் மேல் சாய்ந்து எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். கடைசியில் படித்துப் பார்த்தபோது அவர் கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு உருக்கம். உறை வாங்கவில்லை, வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கையெழுத்தையும் ஐயா வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நின்று போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். அதுவரை கடிதத்தை எங்கே வைப்பது? நான்காக மடித்துத் தன் வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். இரண்டு ராத்திரி அதற்குள் இருந்தால் ஒரு ஆசீர்வாதமும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு கணக்கு.

அவர் மனைவி நூலகத்தில் வேலை பார்க்கிறவள். திரும்பி வரும் புத்தகங்களை உதறி, உள்ளே கிடக்கும் துண்டுச் சீட்டு, பஸ் டிக்கெட், புகைப்படம் என்று எது அகப்பட்டாலும் உரியவரிடம் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். பதினெட்டு வருஷப் பழக்கம். புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பும்போது கணவனின் வேதப்புத்தகத்தையும் சேர்த்து எடுத்தாள். உள்ளே மடித்த காகிதம். நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது தெரிந்தது.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் விண்ணப்பத்தைப் பெயர் போடாமல் எழுதி வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போடுவார்கள். கூட்டத்தில் அதை எடுத்து வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும், எல்லாரும் அவருக்காக ஜெபிப்பார்கள். முப்பது வருஷத்தில் நீராவி அண்ணன் ஒரு சீட்டுக்கூடப் போட்டதில்லை. 'ஊருக்கெல்லாம் தெரியணுமா' என்று சொல்லிவிடுவார். அந்த மனுஷன் இன்றைக்கு முழுப் பக்கம் எழுதியிருக்கிறார். விண்ணப்பத்தை வாசிப்பதற்கு முன் அடுத்தவர் பிரித்துப் பார்ப்பது முறையில்லை என்பதால் அவள் பிரிக்கவில்லை. மாடிப்படி ஏறியதும் பெட்டியில் போட்டாள்.

வேலை முடிந்து நேராக வந்த நீராவி அண்ணன் அவள் பக்கத்தில் உட்காரும்போது இரண்டு பாட்டு முடிந்திருந்தது. விண்ணப்பங்களை வாசிக்கும் டெலிபோன் அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வார்த்தையையும் விழுங்காமல் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசிப்பார்.

"என்னங்க, நீங்க எழுதி வச்சிருந்தத நானே பெட்டியில போட்டுட்டேன்" என்றாள் மனைவி, காதோடு.

"எத?"

"பைபிளுக்குள்ள இருந்துச்சே."

நீராவி அண்ணன் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார். எழுந்து ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் டெலிபோன் அக்கா காகிதத்தைப் பிரித்துவிட்டார்.

"ஐயா அவர்களுக்கு, அடியேன் எழுதும் விண்ணப்பம்" என்று வாசித்தார்.

"ஆமென்" என்றார் கடைசி வரிசைப் பெரியப்பா. அவருக்குக் காது கேட்காது. வாசிக்கிறவர் மூச்சு விடும்போதெல்லாம் ஆமென் சொல்லிவிடுவார்.

"தங்களைத் தவிர எனக்கு வேறு கதியில்லை. ஆயிரம் பேருக்கு ஆயிரம் வாசல் இருக்கலாம். எனக்கு நிற்பதற்கு வேறு வாசல் கிடையாது."

இப்போது நாலைந்து பேர் ஆமென் சொன்னார்கள். முன்வரிசைப் பெண்கள் இருவர் முந்தானையை எடுத்துக் கண்ணருகில் வைத்துக்கொண்டார்கள்.

"என் தகுதியைப் பார்த்தால் நான் கேட்கவே கூடாது. தங்கள் பெருந்தன்மையைப் பார்த்துத்தான் கேட்கிறேன். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வாழ்க்கை மாறிவிடும். தாங்கள் உட்கார் என்றால் உட்காருவேன், நில் என்றால் நிற்பேன்."

சபை முழுக்க ஆமென் எழும்பியது. போதகர் கண்களை மூடிக்கொண்டார். சபைக்கு வந்து நான்கு வருஷம்தான் ஆகிறது, சின்ன வயசு. இப்படி ஒரு விண்ணப்பம் தன் சபையிலிருந்து வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"தங்கள் வீட்டு நாய்க்குக் கிடைக்கும் கடைக்கண் பார்வையில் கொஞ்சம் எனக்கும் கிடைத்தால் பாக்கியம்" என்று வாசித்துவிட்டு டெலிபோன் அக்கா லேசாகத் தயங்கினார். நீராவி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

போதகர் கண்ணைத் திறக்காமலே உதவிக்கு வந்தார். "பாருங்க, என்ன தாழ்மை. மேசைக்குக் கீழ விழற துணிக்கை நாய்க்குட்டிக்கும் உண்டுன்னு வேதத்துல ஒரு அம்மா கர்த்தர்கிட்ட சொன்னாங்களே, அதே மனசு."

"ஆமென்" என்றது சபை. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. "இத்தன வருஷத்துல நீங்க இப்படி ஜெபம் பண்ணி நான் கேட்டதே இல்லைங்க" என்றாள்.

நீராவி அண்ணனுக்குச் சுருக்கென்றது. அதுவரை மானம் போகப்போகிறதே என்றுதான் பயந்துகொண்டிருந்தார். இது வேறு இடத்தில் போய்க் குத்தியது. அவள் சொன்னது நிஜம். தன் வாயிலிருந்து அப்படி ஒரு ஜெபத்தை அவரும் கேட்டதில்லை.

"தங்கள் முழங்கால் வலிக்கு..." என்று தொடங்கிய டெலிபோன் அக்கா நிறுத்தினார்.

பெரியப்பா மட்டும் ஆமென் சொன்னார். போதகர் ஒரு கண்ணைத் திறந்தார். டெலிபோன் அக்கா மிச்சத்தை மனசுக்குள் ஓடவிட்டார். தைலம், சீட்டாட்டம், சூப்பர்வைசர் வேலை, வியாழக்கிழமை ஏழு மணி. முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. பல பேர் பேசுவதைக் கேட்டு வெளியில் சொல்லாமல் இருந்தே சம்பளம் வாங்கியவர். காகிதத்தை மடித்து, "மிச்சம் அந்தரங்கமா இருக்கு. எழுதினவங்க எழுந்திருங்க, ஜெபிப்போம்" என்றார்.

அக்கா காப்பாற்றிவிட்டார். எழுந்து நின்று தலையைக் குனிந்தால் போதும், விஷயம் முடிந்தது. முழங்கால் யாருடையது என்று யாரும் கேட்கப்போவதில்லை. சபையில் நல்ல பெயர், நாளைக் காலையில் ஐயாவின் கையெழுத்து, இரண்டும் கிடைத்துவிடும். மனைவி முழங்கையால் இடித்தாள். நீராவி அண்ணன் எழுந்தார்.

சபையே திரும்பிப் பார்த்தது. "நம்ம நீராவியா?" என்று யாரோ நம்பமுடியாமல் கேட்டார்கள்.

"அது கர்த்தருக்கு எழுதினது இல்ல" என்றார்.

பெரியப்பா ஆமென் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைத் தட்டி அடக்கினார்.

"சூப்பர்வைசர் வேலைக்காக ஆஸ்பத்திரி ஐயாவுக்கு எழுதினது. மூணு ஞாயித்துக்கெழமையும் அங்கதான் போனேன். ஷிப்டுன்னு இவகிட்ட பொய் சொன்னேன். அந்த நாய் நிஜ நாய்தான். அந்த முழங்காலும் அவரோடதுதான்."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். மனைவி தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். அவருக்குச் சபை சிரித்தது வலிக்கவில்லை, அவள் கையை எடுத்ததுதான் வலித்தது.

"முப்பது வருஷமா இங்க வரேன். அவருக்கு எழுதின மாதிரி இங்க ஒரு நாளும் கேட்டதில்ல. அக்கா வாசிக்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு நின்றார்.

போதகருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் படித்த படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. "அப்ப... இப்ப கேளுங்கண்ணே" என்றார்.

நீராவி அண்ணன் முழங்கால் போட்டார். நரம்பு சுண்டி இழுத்தது. ஐயாவுக்கு எழுதிய வார்த்தைகளில் ஒன்றாவது உதவிக்கு வருமா என்று பார்த்தார். வரவில்லை.

"ஆண்டவரே, கால் வலிக்குது. எனக்கு அந்த நாற்காலி வேணும். நாளைக்கு அந்த வீட்டுக்குப் போகல. அதனால கெடைக்காமப் போனாலும் போகும். போச்சுன்னா எனக்குக் கோபம் வரும், மறைச்சுப் பேச மாட்டேன். ஆனா வேற எங்கயும் போக மாட்டேன். இங்க வந்துதான் கோபப்படுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ்வளவுதான்" என்று முடித்தார்.

முதல் ஆமென் மனைவியிடமிருந்து வந்தது. ஜெபத்துக்குத்தான் அந்த ஆமென், மன்னிப்பு தனிக்கணக்கு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் இரண்டடி முன்னாலேயே நடந்தாள். சனிக்கிழமைதான் பேசினாள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு அவர் உருளை இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஏழரைக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார், எட்டுக்கு ஒருமுறை பார்த்தார். ஒன்பது மணிக்கு மேல் பார்க்கவில்லை. கடிதம் டெலிபோன் அக்காவிடமே இருந்தது, நீராவி அண்ணன் திரும்பக் கேட்கவுமில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மத்தியானம் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். சூப்பர்வைசர் நாற்காலி யாரோ ஒருவரின் மைத்துனனுக்குப் போயிருந்தது. அவனுக்கு விரிப்புக்கும் தலையணை உறைக்கும் வித்தியாசம் தெரியுமா என்பதே சந்தேகம். நீராவி அண்ணன் பட்டியலை இரண்டு தடவை படித்தார். மிச்ச வேலையை முடித்தார். சாயங்காலம் யாருக்கும் காத்திராமல் டயர் கடை மாடிப்படியை விறுவிறுவென்று ஏறினார்.

மனைவி நூலகம் பூட்டி வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் வேறு யாரும் வந்திருக்கவில்லை. அவர் மட்டும் முதல் வரிசையில் முழங்கால் போட்டு, எதிரே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்து, கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷக் கதை முழுவதையும் சொன்னார். மைத்துனனைச் சொன்னார், காலைச் சொன்னார், குரல் உடைந்து நடுவில் அழவும் செய்தார். அவள் கிட்டே போகாமல் வாசலிலேயே நின்றாள்.

படியேறி வந்த போதகர் உள்ளே எட்டிப் பார்த்து, பதறிப்போய், "என்னம்மா ஆச்சு? யாரோட பேசிக்கிட்டிருக்காரு?" என்று கேட்டார்.

"கர்த்தர்கூடத்தான்" என்றாள் மனைவி. "கொஞ்ச நேரம் உள்ள போகாதீங்க. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காரு."