இந்த மணலில்தான் பாடம்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. டீ கொடுக்கப் போன இடத்தில் கிடைத்தது.

போன வருஷம் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார்களுக்கெல்லாம் இரண்டு நாள் பயிற்சி. (எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். சொன்னால் எனக்கு டீ ஆர்டர் போய்விடும்.) சென்னையிலிருந்து வந்தவர் கையகலப் பலகை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். டேப்லெட் என்றார். அந்தப் பெயரில் எனக்கு மாத்திரையைத்தான் தெரியும்.

"இனிமே இதுலதான் பாடம்" என்றார்.

கரீமா டீச்சர் எழுந்தார். பழவேற்காட்டுக்காரர், யாருக்கும் பயப்படாதவர்.

"சார், எங்க ஊர்ல நெட்டு வராதே. அப்ப இன்னா பண்றது?"

"அதெல்லாம் வரும் மேடம்."

"எங்க ஊருக்கு வர்ற ஒரே நெட்டு மீன்வலைதான் சார். அது வேணா படகு படகா கீது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் மறுபடியும் "இதுலதான் பாடம்" என்றார். நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். 'இதில்' என்றால் இதற்குள்ளேயா, இதை வைத்தா, இதன்படியா? சொன்னவருக்கே தெரியாது என்று எனக்குத் தோன்றியது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கையில் ஒரு பொருளோடு வெளியூரிலிருந்து வருகிறவனை நம்பாமல் இருப்பதற்குப் படிப்பு தேவையில்லை.

2

இன்றைக்கு நடந்ததாக எழுதினால் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். அதனால் கதையை டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்த காலத்துக்குத் தள்ளிவிட்டேன். செத்தவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள்.

முதல் தொடக்கம் இப்படி: "காலைக் கதிரவன் பழவேற்காடு ஏரியின் நீலப் பரப்பில் பொன்னை அள்ளி—"

நிறுத்திவிட்டேன். ஏரி என்றைக்கு நீலமாக இருந்தது? சேறு கலங்கின தண்ணீர். அதுதான் இறால் வளர்கிற தண்ணீர்.

இரண்டாவது: "கி.பி. 1690ஆம் ஆண்டு கோட்டையின் தலைமை அதிகாரியாக விளங்கிய—"

இதுவும் வேண்டாம். பேரும் வருஷமும் போட்டால் எவராவது ஒருவர் தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் டீக்கடைக்கு வருவார். கோட்டை இருந்தது. அதில் துரை இருந்தார். இது போதும்.

மூன்றாவது: "துளசிங்கம் வாத்தியார் பயந்துபோயிருந்தார்."

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

3

துளசிங்கம் வாத்தியார் பயந்துபோயிருந்தார். கடலோரக் குப்பம் ஒன்றில் ஓலைக் கொட்டகை போட்டுப் பத்தொன்பது பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவர். பாதிக் கொட்டகை பள்ளிக்கூடம், பாதி அவர் வீடு. பிள்ளைகள் கரை மணலைக் கொண்டுவந்து பரப்பி விரலால் எழுதுவார்கள்.

(மீன் பிடிக்கிறவன் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்பீர்கள். கோட்டைக்காரன் ஓலையை நீட்டிக் கைநாட்டு வாங்கும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க. வேறு எதற்கு? அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளும் படித்தார்களா என்று அடுத்து கேட்பீர்கள். என் கதையில் படித்தார்கள்.)

கோட்டையிலிருந்து ஆள் வந்தது. சுற்றுவட்டாரத்து வாத்தியார்கள் ஏழு பேரும் பத்து நாள் கோட்டைக்கு வந்து புது முறை பழக வேண்டும். பழகாதவர் இனிமேல் வாத்தியார் இல்லை.

அதுதான் பயம். பள்ளிக்கூடம் போனால் அவருக்கு வீடும் போகும். குப்பத்துக்கு எழுத்து போகும்.

4

கோட்டைக்குள் ஒரு கூடம். பாயில் ஏழு வாத்தியார்கள், மேசைமேல் ஏழு கண்ணாடிகள். இரண்டு குடுவைகளை வாயோடு வாய் ஒட்டின மாதிரி, நடுவில் ஊசித் துளை, உள்ளே மாவு போல வெள்ளை மணல். மேலிருந்து கீழே இறங்கி முடிய இரண்டரை நாழிகை.

(மணல் கடிகாரத்தை நான் பார்த்தது ஒரே தடவை, மீஞ்சூரில் ஒரு பல் டாக்டர் மேசையில். பிள்ளைகள் எவ்வளவு நேரம் பல் விளக்க வேண்டும் என்று காட்டுவதற்காம். திருப்பி வைத்தேன். "பெரியவரே, தொடாதீங்க" என்றார்கள்.)

துளசிங்கத்துக்குப் பக்கத்தில் முகம்மது இஸ்மாயில். ஊருக்குள்ளே வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர். காதோரமாகச் சொன்னார்:

"இன்னா வாத்தியாரே, ஆளுக்கொரு உடுக்கை குடுக்கிறாங்க. நாளையிலேர்ந்து பூசாரி வேலையா?"

"உமக்கும் ஒண்ணு கீது இஸ்மாயிலு. சேந்தே ஆடலாம்."

"சிரிக்காதீங்க, தொரை பாத்துக்கினு கீறாரு" என்றாள் செசிலியா.

செசிலியாவைச் சொல்லிவிடுகிறேன். அப்பா டச்சுக்காரர், அம்மா இந்த ஊர். புருஷன் கோட்டைச் சிப்பாயாக இருந்து செத்துப்போனவன். துரை பேசுவதைத் தமிழில் சொல்வதும் வாத்தியார்களைப் பழக்குவதும் அவள் வேலை. அந்த வேலையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

துரை கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து நீளமாக ஏதோ சொன்னார். அவள் அதைச் சுருக்கினாள்:

"இனிமே இந்த மணல்லதான் பாடம்."

(எங்கே கேட்ட வார்த்தை என்று தெரிகிறதா? நான் திருடினதை ஒளிக்க மாட்டேன்.)

முறை இதுதான். கோட்டையில் காலைப் பீரங்கி வெடித்ததும் வாத்தியார் கண்ணாடியைத் திருப்ப வேண்டும். திருப்பின பிறகு வருகிற பிள்ளைக்கு உள்ளே இடமில்லை. பிள்ளைகள் பத்துக்குக் கீழே குறைந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு.

பத்து நாளும் ஏழு பேரும் திருப்பினார்கள். இடது கையால், வலது கையால், பேசாமல், பாடம் சொல்லிக்கொண்டே. அந்தப் பத்து நாளில் ஒரு நாள்கூட ஒரு பிள்ளையைக் கூட்டிவந்து எதிரில் உட்கார வைக்கவில்லை. இதை நான் கற்பனையாக எழுதவில்லை. நான் டீ கொடுத்த இடத்திலும் அப்படித்தான்.

5

காலைப் பீரங்கி வெடிக்கிற நேரம் கட்டுமரங்கள் கரையேறுகிற நேரம். சில நாள் முன்னே வரும், சில நாள் பின்னே வரும், காற்றைப் பொறுத்தது. மரம் வந்தால் பிள்ளைகள் ஓட வேண்டும். வலை உதற, மீன் பொறுக்க.

முதல் வாரம் கோட்டை ஆள் ஒருவன் கொட்டகை வாசலிலேயே நின்றான். வார முடிவில் பத்தொன்பது பதினொன்றாகிவிட்டது. இன்னும் இரண்டு பேர் நின்றால் பூட்டு.

சனிக்கிழமை முனியம்மா தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் பாதி மணல் இறங்கியிருந்தது.

"இன்னா வாத்தியாரே, எம் பொண்ணு வெளிய நிக்குது. உள்ள இட்டுக்கோ."

"மணல் எறங்கிடிச்சு முனியம்மா."

"எங்க எறங்கிச்சு? கரையில அப்படியேதான் கீது."

"இந்தக் கண்ணாடியில."

"அந்த உடுக்கையக் கேட்டுக்கினா காத்து அடிக்குது? மீனை நாங்க பொறுக்கலன்னா காக்கா பொறுக்கும். பொறுக்கிப் போட்டுட்டு ஓடியாந்துது. பாரு, கைகூட கழுவல."

"கோட்டை ஆளு நிக்கிறான். மெதுவா பேசு."

"நீயே மெதுவா பேசிக்கினு இரு. நாளைக்கு அவன் ஓலைய நீட்டி கைநாட்டு வைன்னுவான். எங்க ஊட்டுக்காரரு வைப்பாரு. அதுல இன்னா எழுதிக்கீதுன்னு உன் உடுக்கையா வந்து படிக்கும்?"

வாத்தியார் வாசலில் நின்ற கோட்டை ஆளைப் பார்த்தார். அவருக்கு ஒரு பதில் எழுதிக் கொடுக்கலாம் என்று நானும் ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

6

இனிமேல்தான் எனக்கும் துளசிங்கத்துக்கும் தகராறு. அவர் கண்ணாடியை உடைக்கப் போகிறார். எப்படி உடைத்தார் என்பதில் எனக்கு மூன்று நாள் போனது.

முதலில் இப்படி எழுதினேன்: "மணலில்தான் பாடம் என்று சொல்லிவிட்டார்களே, மணல் உள்ளே அடைந்து கிடந்தால் பிள்ளைகள் எப்படி எழுதும் என்று வெகுளியான துளசிங்கம்—"

கிழித்துப் போட்டேன். குப்பத்து வாத்தியார் முட்டாள் என்று எழுதினால் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்குப் பேர் வரும். எனக்கு அந்தப் பேர் வேண்டாம். பத்து நாள் அதைத் திருப்பிப் பழகினவருக்கு அது எதற்கென்று தெரியாதா?

அடுத்தது: "சிங்கமென எழுந்தார் துளசிங்கம். 'ஒழியட்டும் இந்த—'"

இதையும் கிழித்தேன். அவர் சிங்கமாக எழுகிற ஆள் இல்லை. எழுந்தால் கொட்டகைக் கூரை தலையில் இடிக்கும்.

நான் நம்புகிறது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். கோட்டை ஆள் இல்லை. வாத்தியார் கண்ணாடியைப் பழைய வேட்டியில் சுற்றினார். அம்மிக் குழவியை எடுத்தார். ஒரே தட்டு. பிறகு வெயிலில் உட்கார்ந்து சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மணலை மெல்லிய துணியில் சலித்தார், மறுபடியும் சலித்தார், தன் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார். பிள்ளைகள் விரல் வைக்கிற இடம். இரண்டு கைப்பிடி தேறியது. பலகையில் பரப்பினார்.

அப்புறம் செசிலியா சொன்னதைச் சத்தமாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "இனிமே இந்த மணல்லதான் பாடம்." ஒரு எழுத்தும் பிசகவில்லை.

ஆக, தெரிந்தேதான் உடைத்தார். தெரியாதவர் மாதிரி நிற்க ஒரு வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு உடைத்தார். என்னால் நம்ப முடிகிற தைரியம் இவ்வளவுதான்.

(அடுத்த வாரம் கோட்டை ஆளுக்குக் காய்ச்சல், வரவில்லை. ஏன் காய்ச்சல்? கதைக்கு வேண்டும், அதனால் காய்ச்சல்.)

7

ஆள் வரவில்லை, வியாழக்கிழமை துரையே வந்துவிட்டார். படகிலிருந்து இறங்கி மணலில் பூட்ஸ் புதையப் புதைய நடந்து வந்தார். பின்னால் செசிலியா. வெயில் ஏறிவிட்டது, மீன் பொறுக்கி முடிந்துவிட்டது.

கொட்டகையில் பத்தொன்பது பிள்ளைகளும் இருந்தார்கள். தலையில் ஈரம், முழங்கையில் செதில். நடுவில் பலகை. மணல் கொஞ்சம்தான் என்பதால் ஆளுக்கு ஒரு எழுத்து. ஒருவர் எழுதுவார், எல்லோரும் பார்ப்பார்கள், வாத்தியார் தடவி அழிப்பார், அடுத்தவர். கரை மணலில் கிளிஞ்சல் கலந்திருக்கும், எழுத்து பிசிறும். இந்த மணலில் வெட்டி வைத்த மாதிரி நின்றது. முனியம்மா மகளின் முறை. மூன்று சுழி ண. சுழி மூன்றும் போட்டுவிட்டாள். கடைசிக் கோடு பாக்கி.

துரை ஒரு வார்த்தை கேட்டார்.

"கண்ணாடி எங்க வாத்தியாரே?" என்றாள் செசிலியா.

துளசிங்கம் பலகையைக் காட்டினார். "நீங்க சொன்னதுதாம்மா. இந்த மணல்லதான் பாடம்னீங்க."

"ஒடைக்கச் சொன்னேனா?"

"ஒடைக்கச் சொல்லல. உள்ளயே இருந்தா எப்படிம்மா எழுதறது?"

"நடிக்காத வாத்தியாரே. பத்து நாளு என் எதிர்ல திருப்புன."

"திருப்புனேன். அப்ப புள்ளைங்க இல்ல."

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். எண்ணினாளா என்று தெரியாது, உதடு அசைந்தது. துரை தொண்டையைச் செருமினார். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, காத்திருந்தார்.

"இப்ப இவர்கிட்ட நான் இன்னா சொல்லட்டும்?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ முட்டாள்னா உன் வேலை போவும். திமிர்ல ஒடச்சன்னா முதுகுத் தோலு போவும். நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன்னா என் வேலை போவும். எது வேணும், நீயே சொல்லு."

துளசிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு எதுவும் வாணாம்மா. பள்ளிக்கூடம் இருக்கிற மாதிரி எதுனா சொல்லு."

8

செசிலியா துரையின் பக்கம் திரும்பினாள். மூச்சு விடாமல் பேசினாள். டச்சு மொழியில்.

எனக்கு டச்சு தெரியாது.

அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்று எழுதலாம். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். வாத்தியாரைக் காட்டிக் கொடுத்தாள் என்று எழுதலாம். உலகமே இப்படித்தான் என்று தலையாட்டுவீர்கள். அவள் சொன்ன மூன்றையும் விட்டு நாலாவதாக ஒரு வழி அவளுக்குத் தெரிந்திருந்தது என்றும் எழுதலாம். ஆனால் அது என்ன வழி என்று என்னைக் கேட்பீர்கள். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் தெரியாத பாஷையைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குத்தான் ஆட்கள் சென்னையிலிருந்து வருகிறார்களே.

கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அவள் பேசி முடித்தாள். துரை ஒரு வார்த்தை கேட்டார். அவளும் ஒரு வார்த்தை சொன்னாள். துரை தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார், பலகைக்கு எதிரில் குந்தினார், வலது கைச் சுட்டுவிரலை நீட்டி முடியாத எழுத்துக்குப் பக்கத்தில் மணலில் வைத்தார்.

முனியம்மா மகள் கையை எடுத்துக்கொண்டாள். வாத்தியார் கட்டின கையைப் பிரிக்காமல் நிற்கிறார். பத்தொன்பது பிள்ளைகளும் அந்த விரலைப் பார்க்கிறார்கள்.

அழிக்கவா, பாக்கியிருக்கிற அந்தக் கடைசிக் கோட்டை இழுக்கவா? விரலை நீங்கள் நகர்த்துங்கள். நான் கையை எடுத்துவிட்டேன்.