அலமாரிக்குப் பின்னால் இருந்த துணி

தெரசம்மாள் மூன்றாவது முறையாக கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்த அன்றுதான், சமையலறையை மாற்றியே ஆகவேண்டும் என்று உபகாரம் முடிவு செய்தார்.

அவருக்கு அறுபத்தாறு வயது. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முப்பது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். நாயுடுபுரத்தில் தகரக் கூரை போட்ட மூன்று அறை வீடு அவருடையது. மகள் ஃபெமினா கோயம்புத்தூரில் நர்ஸாக இருந்தாள். மனைவி தெரசம்மாளுக்கு மறதி நோய் என்று மதுரையில் டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாத்திரை கொடுத்தார். குணமாகாது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை, உபகாரத்துக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

ஆள் வைத்து வேலை செய்ய முடியாது. குழாய் ரிப்பேர் பார்க்க ஒருவர் வந்தபோது தெரசம்மாள் பயந்துபோய்க் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதனால் தானே செய்வது என்று உபகாரம் துணிந்தார். டைல்ஸ் ஒட்டுவது எப்படி, சிங்க் மாட்டுவது எப்படி என்று போனில் வீடியோ பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஃபெமினா சில படங்கள் அனுப்பினாள். "கதவு வச்ச அலமாரி வேண்டாம்ப்பா. எல்லாம் கண்ணுக்குத் தெரியிற மாதிரி தட்டு அடிங்க. கண்ணாடி ஜாடியில போட்டு வைங்க. தெரிஞ்சாதான் அம்மா எடுத்துப் பொழங்குவாங்க. கேஸத் தூக்கிட்டு கரண்டு அடுப்பு வச்சிருங்க. அதுவா அணைஞ்சிரும்."

அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. மன்னவனூர்க் கேரட்டை வத்தலக்குண்டில் இறக்கிவிட்டு வெறுமனே மலையேறும் லாரியில் வெள்ளை டைல்ஸும் சிமெண்டும் வந்து சேர்ந்தன.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் நல்ல மனுஷி. மலைப்பூண்டு வாங்கிக் காயவைத்து, தரம் பிரித்து விற்பவள். "மதினிய எங்கிட்ட விட்டுருங்கண்ணே. நீங்க உங்க சோலியப் பாருங்க" என்றாள். தெரசம்மாள் காலையில் அங்கே போய் உட்கார்ந்து பூண்டுத் தோல் நீக்குவாள். அதில் மட்டும் அவள் கை பிசகவே இல்லை.

முதலில் பழைய அலமாரியைப் பெயர்த்தார். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நின்ற மர அலமாரி. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. அதில் தெரசம்மாள் முறமும் அரிவாள்மனையும் சொருகி வைப்பாள். இத்தனை வருஷத்தில் உபகாரம் அந்த இடுக்கில் கைவிட்டதே இல்லை. கடப்பாரை போட்டு அலமாரியை முன்னால் சாய்த்தபோது, பின்சுவரில் ஓர் ஆணியில் பிளாஸ்டிக் பை ஒன்று தொங்குவதைப் பார்த்தார்.

பைக்குள் துணிச்சுருள் இருந்தது. விரித்தார். சாக்குத் துணி. முழங்கை நீளம் இருக்கும். ஓரமெல்லாம் மடித்துத் தைத்து, கம்பளி நூலால் பூவேலை செய்திருந்தது. தெரசம்மாள் சுற்றுலாக் கடைகளுக்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் பின்னிக் கொடுத்தவள். மிச்சம் விழுந்த நூல்கள்தான் அத்தனை நிறங்களும். மேலே நடுவில் நீல நூலில் ஒரு பெயர் இருந்தது.

ஆண்டனி.

உபகாரம் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆண்டனி அவர்களுடைய மகன். ஃபெமினாவுக்குப் பிறகு பிறந்தவன். ஐந்து மாதம் இருந்தான். ஓர் ஐப்பசி மழையில் சளி கட்டி மூச்சுவிட முடியாமல் போனபோது, பள்ளிக்கூட ஜீப்பைக் கேட்டு வாங்கி உபகாரமேதான் ஓட்டினார். பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து பாதை அடைத்துக் கிடந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னால் வண்டிகள் வரிசைகட்டிவிட்டன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ, அவருக்கு நினைவில்லை. பின்சீட்டிலிருந்து தெரசம்மாள், "வண்டியத் திருப்புங்க, வீட்டுக்குப் போவோம்" என்று சொன்ன குரல்தான் நினைவிருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் அவனைப் பற்றிப் பேசவில்லை. அவள் கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டிலையும் சின்னத் துணிகளையும் உபகாரம் எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார். அவள் வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று நினைத்தார். அப்படி நினைப்பது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

துணியில் பெயருக்குக் கீழே வரிசை வரிசையாகப் பூக்கள். எண்ணினார். முப்பத்தொன்று. வருஷத்துக்கு ஒன்று என்று புரிய நேரமாகவில்லை. அவன் பிறந்த நாளிலா, போன நாளிலா என்பதுதான் தெரியவில்லை. தான் வண்டி எடுத்துக்கொண்டு போன பகல்களில், இந்த மேடையோரம் நின்று அவள் தைத்திருக்கிறாள்.

முதல் இருபத்தாறு பூக்களும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருந்தன. அடுத்ததில் ஓர் இதழ் குறைந்திருந்தது. அதற்கடுத்த இரண்டிலும் இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. முப்பதாவது பூ வெறும் பச்சை நூலால் ஆனது. கடைசியில் பூவே இல்லை, முடிச்சு முடிச்சாகச் சிக்கிக் கிடந்தது நூல். அதில் ஊசி துருப்பிடித்துக் குத்தி நின்றது.

டாக்டரிடம் போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஆனால் அதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்பே இவளுடைய விரல்கள் தடுமாறத் தொடங்கியிருக்கின்றன. "கூடவேதானே இருந்தேன்" என்று உபகாரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துணியைச் சுருட்டி பீரோவில் தன் சட்டைகளுக்கு அடியில் வைத்தார்.

வேலை பத்தொன்பது நாள் நடந்தது. முதல் வரிசை டைல்ஸை இரண்டு தடவை பெயர்த்து ஒட்டினார். அலமாரிப் பலகைகளைப் பிளந்து வெந்நீர் அடுப்புக்குப் போட்டார். முட்டி வீங்கியது. கடைசியில் வெள்ளைச் சுவரும் திறந்த தட்டுகளும் கண்ணாடி ஜாடிகளில் பருப்பும் மிளகாயுமாகச் சமையலறை படத்தில் பார்த்தது போலவே அமைந்துவிட்டது. ஃபெமினா வீடியோவில் பார்த்து, "சூப்பர்ப்பா" என்று கைதட்டினாள்.

தெரசம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நல்லாருக்கு. யாரு வீடு?"

"நம்ம வீடுதான் தெரசா. உள்ள வா."

"சும்மா சொல்லாதீங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவுக வர்றதுக்குள்ள வெரசா வாங்க, நம்ம வீட்டுக்குப் போயிருவோம். நான் ஒலை வச்சிட்டு வந்தவ."

அன்று சாயங்காலம்வரை அவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். மறுநாளும் அப்படித்தான். முன்பெல்லாம், உப்பு எங்கே என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கை தானாகப் போய் இரண்டாம் தட்டின் இடது மூலையிலிருந்து உப்பை எடுத்துவிடும். கேஸ் விஷயத்தில்தான் தவறினாளே தவிர, ரசம் வைப்பதில் தவறியதில்லை. அதை உபகாரம் இப்போதுதான் யோசித்தார். அவள் மறந்துபோனவற்றையெல்லாம் அந்தப் பழைய அலமாரி அவளுக்காக வைத்திருந்தது. அதைத்தான் அவர் பிளந்து எரித்துவிட்டார்.

ஃபெமினாவிடம் போனில் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். "என்னாலதான்ப்பா. நான்தான் சொன்னேன்."

"நீ நல்லதுக்குத்தான சொன்ன. வெட்டுனது நான்."

"அம்மா கையால பின்னுனது எதாச்சும் இருந்தா அங்கன மாட்டிப் பாருங்க. அவுங்க செஞ்சது அவுங்களுக்கு அடையாளம் தெரியும்."

வீடெல்லாம் தேடினார். அவள் பின்னியது எல்லாமே விற்கப் போயிருந்தது. ஒரு குல்லாகூட மிஞ்சவில்லை. ஏரிப் பக்கம் அவள் சரக்குப் போட்ட கடைகளுக்கு நடந்து போய்க் கேட்டார். எல்லாக் கடையிலும் வெளியூரிலிருந்து மூட்டையில் வந்த மிஷின் ஸ்வெட்டர்கள்தான் தொங்கின. "தெரசாக்கா சரக்கா? அது வந்த அன்னிக்கே போயிருமே, எப்பிடி மிஞ்சும்?" என்றார் ஒரு கடைக்காரர். பாராட்டாகத்தான் சொன்னார். உபகாரத்துக்கு அழுகை வந்தது.

பீரோவில் இருந்த துணி ஒன்றுதான் மிச்சம். நான்கு நாள் அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஐந்தாம் நாள் தெரசம்மாள் வாசலைத் தாண்டி, ரோட்டில் போகும் பஸ்ஸை நிறுத்தி ஏறி, வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். கண்டக்டர் அடையாளம் கண்டு இறக்கிவிட்டார். அன்றைக்கே உபகாரம் ஊசியை எடுத்துவிட்டு, துணியை ஒரு பலகையில் இழுத்துக் கட்டி, மேடைக்கு மேலே வெள்ளைச் சுவரில் மாட்டினார்.

தெரசம்மாள் நிலைப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நேராகப் போய்க் கையை உயர்த்தி, பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். உதடு அசைந்தது, எண்ணுகிறாள் போல. அவள் திரும்பியபோது அவள் கண்ணில் மிரட்சி இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு தன் மனைவியைப் பார்ப்பது போல இருந்தது அவருக்கு.

"புள்ள எங்கங்க?" என்றாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"தொட்டிலக் காணோமே. ஆண்டனி எங்க?"

பொய் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தார். முப்பது வருஷமாகப் பேசாமல் இருந்ததற்கு இப்போதாவது பேச வேண்டும் என்றும் நினைத்தார். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மழை பெய்ததை, பாதை அடைத்துக் கிடந்ததை, அவன் போய்விட்டதை. தொட்டிலைத் தானே கொடுத்துவிட்டதையும், தப்புதான் என்பதையும் சொன்னார்.

அவளுக்கு அது அப்போதுதான் நடந்த செய்தி. மார்பில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். அன்றைக்கு ஜீப்பில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். சத்தம் கேட்டுப் பொன்னுத்தாய் ஓடிவந்தாள். இரண்டு பேராகப் பிடித்தும் தேற்ற முடியவில்லை.

மறுநாள் காலையில் அவள் எல்லாவற்றையும் மறந்திருந்தாள். சமையலறைக்குப் போனாள். பூக்களைத் தொட்டாள். "புள்ள எங்கங்க?" என்றாள்.

அவர் மறுபடியும் சொன்னார். அவள் மறுபடியும் விழுந்தாள்.

மூன்றாம் நாள் துணியைக் கழற்றிவிட்டார். அப்போது அவள் சுவரைத் தடவ ஆரம்பித்தாள். முன்பு அலமாரியின் இடுக்கு இருந்த இடத்தில், வழுவழுப்பான டைல்ஸின்மேல், விரல் நுழைய ஒரு வழி தேடித் தடவினாள். நகம் உடைந்து ரத்தம் வந்தது. துணியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து, அதையே கேட்டாள்.

ஃபெமினாவுக்குப் போன் செய்தார். தம்பி ஒருவன் இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா துணி தைத்து வைத்திருந்தது தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இனிமே உண்மையச் சொல்லாதீங்கப்பா. தெனமும் ஒரு சாவு அவுங்களால தாங்க முடியாது. உங்களாலயும்தான்" என்றாள். "நான் அடுத்த மாசம் லீவு போட்டு வர்றேன்."

"வந்து என்னம்மா பண்ணப்போற?"



மறுநாள் தெரசம்மாள் கேட்டபோது, உபகாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தூங்குறான்" என்றார்.

அவள் முகம் உடனே மாறியது. உதட்டில் விரல் வைத்தாள். கையிலிருந்த டம்ளரைச் சத்தமில்லாமல் மேடையில் வைத்தாள். "மெதுவா நடங்க. இப்பத்தான் கண்ணு அசந்திருப்பான்" என்று கிசுகிசுத்தாள். அன்று முழுவதும் வாசல் பக்கம் போகவில்லை. வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்கவும் இல்லை. துணியை மடியில் போட்டுக்கொண்டு சமையலறை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள், காவல் இருப்பது போல.

அதிலிருந்து அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. உபகாரம் ரேடியோவை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். தகரத்தில் மழை விழுந்தால் மட்டும் அவள் பதறி எழுவாள். அப்போதும், "அவன் முழிக்கல, நீ உக்காரு" என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லும்போதெல்லாம் அந்த ஜீப்பின் பின்சீட்டை அவர் திரும்பிப் பார்க்காமல் இருந்தது ஞாபகம் வரும்.

ஒரு நாள் காலையில் பொன்னுத்தாய் கொல்லைப்பக்கமாக வந்து, "அண்ணே, மதினிக்கு இட்லி கொண்டாந்தேன், சட்னி மட்டும் அரைச்சுக்கிருங்க" என்று வழக்கம்போலக் கத்திச் சொன்னாள். உபகாரம் கையைக் காட்டி, "மெதுவாப் பேசு தாயி" என்றார். சொன்ன பிறகுதான், தெரசம்மாள் முன்னறையில் இருக்கிறாள், இங்கே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. பொன்னுத்தாய் அவர் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இட்லியை வைத்துவிட்டுப் போனாள்.

அவர் தேங்காயைத் துருவினார். மிளகாயும் பொட்டுக்கடலையும் எடுத்து ஜாரில் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினார். மிக்ஸி சுவிட்சின்மேல் விரலை வைத்தார். முன்னறையில் அவள் ஏதோ மெல்ல முனகிப் பாடுவது கேட்டது. விரலை எடுத்துக்கொண்டு, அவள் பாடி முடிக்கட்டும் என்று நின்றார்.