முள்ளிலை மரம் நின்ற இடம்

சாந்து குளிரில் இறுகுவதற்குள் கல்லை வைத்துவிட வேண்டும். ஆன்செல்ம் எடுத்துக் கொடுக்க, கொத்தன் பசீல் வைத்துத் தட்டினான். சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. ஆன்செல்மின் மனைவி ஒதில் வாளியில் தண்ணீர் சுமந்து வந்தவள், ஒவ்வொரு நடைக்கும் நின்று சுவருக்கு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கல்யாணமான நாள் முதல் அவள் இருந்ததெல்லாம் முதலாளி கெனெலின் பண்ணை வீட்டில்தான். சொந்தச் சாவி என்று ஒன்று அவள் கையில் இருந்ததே இல்லை.

"இங்க அடுப்பு. அந்த மூலையில கட்டில்" என்றாள்.

"மொதல்ல கூரை வரட்டும் அக்கா. அதுக்குள்ள கட்டிலைப் போட்டுட்டா ஊரே வேடிக்கை பாக்கும்" என்றான் பசீல்.

"போடா போக்கிரி!"

ஆன்செல்ம் சிரிக்கவில்லை. குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ப்ரேமார் ஊரில் வயலுக்கு நடுவே முள்ளிலை மரம் தனியாக நின்றால் யாரும் கிட்டே போவதில்லை. பாட்டன்மார் காலத்தில், குளிர்காலத்தில் வேலையில்லாத கூலிகளைக் கயிற்றில் இறக்கி, அடியிலிருந்து சுண்ணாம்பு மண் எடுத்து வயலுக்குப் போட்டார்கள். மேலே கிணறு மாதிரி ஒரு வாய், அடியில் கோயிலே உள்ளே போகிற அளவுக்குக் குடைந்த அறைகள். எடுத்து முடிந்ததும் வாயில் ஓக் கட்டைகளைக் குறுக்கே போட்டு, மண்ணைத் தள்ளி, அடையாளத்துக்கு ஒரு முள்ளிலை மரத்தை நடுவார்கள். ஏர் ஓட்டுகிறவன் அதைக் கண்டதும் குதிரையைத் திருப்பிக்கொள்வான். எவ்வளவு வெண்பனி கொட்டினாலும் அதன் அடியில் தங்காது. பூமிக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக ஏதோ ஏறிக்கொண்டே இருக்கும். முயல்கள் அங்கேதான் படுத்துக் கிடக்கும்.

போன வசந்தத்தில், துண்டு துண்டாகக் கிடந்த நிலங்களை ஒன்று சேர்க்கச் சொல்லி பாரிசிலிருந்து உத்தரவு வந்தது. கெனெல் புது டிராக்டர் வாங்கினார். வேலிகளைப் பிடுங்கும் வேலை ஆன்செல்மிடம் வந்தது.

"ரோட்டோரத்து வயல்ல நிக்கிற அந்த முள்ளிலையையும் எடுத்துடு. டிராக்டர் நேரா ஓடணும்" என்றார்.

"அடியில குழி இருக்கே முதலாளி."

"எங்க தாத்தா மூடுனது. இனிமே எந்திரிச்சு வரவா போகுது?"

ஆன்செல்ம் சங்கிலி கட்டி இழுத்தான். வேலி, வாய்க்கால் கரை, ஆப்பிள் மரங்கள், வாசல் கல்தூண் எல்லாம் போயின. மரம் நின்ற பள்ளத்தையும் மண் தள்ளி நிரவினான். சாயங்காலம் திரும்பிப் பார்த்தபோது வயல் சவரம் செய்த தலை மாதிரி கிடந்தது.

அறுவடை முடிந்து புனித மிக்கேல் திருநாள் வந்தது. வேலைக்காரர்களை வைப்பதும் அனுப்புவதும் அந்த நாளில்தான். குதிரைகளை விற்றுவிட்டதால் குதிரைக்காரன் ஆன்செல்ம் இனி வேண்டாம் என்றார் கெனெல். அவர்கள் இருந்த பண்ணை வீடு டிராக்டர் மெக்கானிக்குக்கு வேண்டும் என்றார். பிறகு ஆன்செல்மின் தோளில் கை வைத்தார்.

"இத்தனை வருஷம் உழைச்ச. உன்னைத் தெருவுல விட்டுடுவேனா? ரோட்டோரத்து வயல் மூலையை எடுத்துக்க. பழைய தொழுவத்துக் கல்லையும் எடுத்துக்க. அதோட நமக்குள்ள கணக்கு தீந்துது."

மதுக்கடையில் எல்லாரும் ஆன்செல்முக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். வாழ்நாளில் முதல் முறையாக அவன் எல்லாருக்கும் ஆப்பிள் மது வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் ஒதில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த முள்ளிலை எங்க இருந்துச்சு?"

அவன் போய் நின்று பார்த்தான். இரண்டு ஆப்பிள் மரங்களுக்கு நடுவே கோயில் கோபுரம் தெரிந்தால் மரம் இடது கைப்பக்கம். கோபுரம் இருந்தது. ஆப்பிள் மரங்களை அவனே பிடுங்கியிருந்தான். வடக்கே நடந்தான், தெற்கே நடந்தான். எங்கே நின்றாலும் ஒரே மண்ணாக இருந்தது.

கெனெலிடமே போய்க் கேட்டான்.

"புடுங்குனது நீ. என்னைக் கேக்குற?" என்றார் கெனெல். "வேண்டாம்னா சொல்லு, கேக்க ஆள் இருக்கு."

வேண்டாம் என்றால் குளிர்காலத்தில் எங்கே போவது? கட்ட ஆரம்பித்தார்கள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல" என்றான் பசீல், கல்லைத் தட்டிக்கொண்டே. "உங்க முதலாளி புதுக் கொட்டகையை மொதல்ல இங்கதான கட்டறதா இருந்தாரு? முளைகூட அடிச்சாச்சு. திடீர்னு எல்லாத்தையும் புடுங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிட்டாரு. கேட்டா, இங்க காத்து ஜாஸ்தியாம்."

"அங்க மட்டும் காத்து அடிக்காதா?" என்றாள் ஒதில்.

ஆன்செல்ம் அடுத்த கல்லை எடுத்தான்.

லாரியிலிருந்து மெக்கானிக்கின் சாமான்கள் வந்து இறங்கிய அன்று விடிகாலையில் வெண்பனி பெய்து ஓய்ந்திருந்தது. பண்ணை வீட்டு அடுப்பை மெக்கானிக்கின் மனைவி மூட்டிக்கொண்டிருந்தாள். பசீல் வீட்டுத் தொழுவத்தில் கொஞ்ச நாள் தங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு. அதற்கு முன்னால் ஒதில் தன் வீட்டை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றாள். இருவரும் நடந்தார்கள். வயல், ரோடு, கொட்டகைக் கூரை எல்லாம் வெள்ளை. அவர்கள் கட்டிய சுவர்களின் மேலும் வெள்ளை வரப்பு கட்டியிருந்தது.

உள்ளே, கட்டில் போடுவதாக இருந்த மூலையில், வண்டிச் சக்கரம் அகலத்துக்கு வட்டமாகக் கறுத்த ஈர மண். அதன் நடுவில் ஒரு முயல் படுத்திருந்தது. ஆளைக் கண்டதும் சுவரைத் தாண்டி ஓடியது.

"ஐயோ ஆன்செல்ம்" என்று ஒதில் அவன் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"நமக்கு முன்னாடியே யாரோ வந்திருக்காங்க" என்றான் அவன்.

கெனெலின் வாசலிலிருந்து பூட்ஸ் தடம் வந்திருந்தது, பக்கத்தில் நாயின் தடம். லாட ஆணி வைத்த அந்த பூட்ஸுக்கு இத்தனை வருஷமும் கொழுப்புத் தடவியவன் ஆன்செல்ம்தான். சுவர் வரைக்கும் அது வரவில்லை. அந்த மூலைக்கு நேரே தூரத்திலேயே நின்று, கொஞ்ச நேரம் அங்கேயே மிதித்து, வந்த வழியே திரும்பிப் போயிருந்தது.